பைபோலார்: இருமுனை மனநிலைக் கோளாறு

காலையில் சிரித்துவிட்டு மாலையில் எரிந்து விழுகிற ஒருவரை ‘அவன் பைபோலார்’ என்று சொல்வது இப்போது பழகிவிட்டது. அது தவறு. இந்த நோயில் மனநிலை மணிக்கணக்கில் மாறுவதில்லை. மனம் அளவுமீறிப் பொங்கும் எழுச்சி என்றால் குறைந்தது ஒரு வாரம், மனம் ஒடுங்கிப்போகும் சோர்வு என்றால் இரண்டு வாரம் நீடிப்பதைத்தான் மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். எழுச்சியின் லேசான வடிவத்துக்கு நான்கு நாள். நடுவே மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், இயல்பான வாழ்க்கை ஓடுகிறது.

‘பை’ என்பது இரண்டைக் குறிக்கும் இலத்தீன் முன்னொட்டு. ‘போலார்’ என்பதன் வேர் அச்சு, முனை என்ற பொருளுள்ள ‘போலோஸ்’ என்ற கிரேக்கச் சொல். நோய்க்கு இந்தப் பெயர் பின்னால்தான் வந்தது. 1854-இல் பாரிஸில் மனநல மருத்துவர் ஃபால்ரே இதை ‘வட்டமாகச் சுழலும் பித்து’ என்ற பொருளில் அழைத்தார். 1899-இல் ஜெர்மானிய மனநல மருத்துவர் கிரெப்பலின் எழுச்சியையும் சோர்வையும் ஒரே நோயின் இரு முகங்களாகச் சேர்த்தார். சோர்வு மட்டும் வருபவர்களையும் இரண்டும் வருபவர்களையும் 1957-இல் இன்னொரு ஜெர்மானிய மனநல மருத்துவர் லியோன்ஹார்ட் பிரித்துக் காட்டினார். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பிடித்த பிறகு ‘பைபோலார்’ உலகம் முழுக்கப் பரவியது.

தமிழில் இருதுருவ மனநோய், இருமுனையப் பிறழ்வு என்றெல்லாம் எழுதுகிறார்கள். துருவம் வடமொழியிலிருந்து வந்தது. முனை நம் சொல், காந்தப் பாடத்தில் எல்லோரும் படித்தது. ‘பிறழ்வு’ எனக்கு ஒப்பவில்லை. மனம் பிறழ்ந்தவர் என்ற பழைய வசை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் ‘இருமுனை மனநிலைக் கோளாறு’ என்பதே பொருத்தம். ‘மேனியா’வுக்கு மனஎழுச்சி என்பது போதும். பித்து என்ற சொல் பித்தத்தோடு உறவுள்ளது. சிவனையே பித்தன் என்று கொஞ்சிய மொழி நம்முடையது. ஆனாலும் இன்று ஒரு நோயாளியின் காதில் அது அப்படி விழாது.

சரி, இதோடு வாழ்வது எப்படி? முதலில் தூக்கம். தூக்கம் கெட்டால் எழுச்சி கிளம்பலாம். எழுச்சி கிளம்பினால் தூக்கம் இன்னும் குறையும். மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி, களைப்பே இல்லாமல் இரண்டு மூன்று நாள் ஓடினால், அதைச் சுறுசுறுப்பு என்று கொண்டாடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். கல்யாண வீட்டில் விடிய விடிய விழிப்பது, இரவுப் பேருந்து, இரவுப் பணி எல்லாமே இவர்களுக்கு ஆபத்தான இடங்கள். தூங்கப்போகும் நேரம் ஒரு நாள் முன்பின் ஆனாலும், எழும் நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொள்வது பெரிய உதவி.

அடுத்தது பணம். எழுச்சியில் கடன் வாங்குவதும் வேலையை உதறுவதும் நடக்கும். மனம் தெளிவாக இருக்கும்போதே வீட்டில் நம்பிக்கையான ஒருவரோடு பேசி, பெரிய செலவை இரண்டு நாள் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்துகொள்ளலாம். எந்த அறிகுறி தெரிந்தால் யாரை அழைப்பது என்பதையும் எழுதி வைக்கலாம். நோய் முற்றும்போது தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை இந்தியாவின் 2017 மனநலச் சட்டம் தருகிறது.

பிறகு லித்தியம். 1949-இல் ஆஸ்திரேலியாவில் மருத்துவர் ஜான் கேட் எழுச்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த உப்பு இது. இன்றும் முதன்மையான மருந்து. சிறுநீரகம் இதைச் சோடியம் போலவே கையாள்கிறது. அதனால் வயிற்றுப்போக்கு, கடும் வெயில், தண்ணீர் குடிக்காத விரதம், உப்பைத் திடீரென்று குறைப்பது ஆகியவற்றால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் அப்படியே. மருத்துவரைக் கேட்காமல் அவற்றை வாங்கக் கூடாது. கை பலமாக நடுங்கி, நடை தள்ளாடி, வாந்தியும் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் கூடாது.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற உதவி எண்களை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

இன்னொன்று. பெரும்பாலும் சோர்வு முனையில் இருக்கும்போதுதான் மருத்துவரிடம் போகிறோம். பழைய எழுச்சி நாட்களைச் சொல்லாவிட்டால், சோர்வுக்கான மாத்திரை மட்டும் கிடைத்து, அதுவே எழுச்சியைக் கிளப்பிவிடக்கூடும். தூங்காமல் ஓடிய அந்த நாட்களை, கூட வருகிறவராவது மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.