‘ஷுவெய்’ சொற்பொழிவு அல்ல

பழஞ்சீனச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் எழுதிய ‘ஷுவெய் நான்’ என்னும் அதிகாரத்தைச் ‘சொற்பொழிவின் சிரமங்கள்’ என்று ஒருவர் தமிழாக்கியிருந்தார். இப்படிப் படிப்பது இது மூன்றாவது முறை. மேடை, மைக், சோடா எல்லாம் கண்முன் வந்து போயின.

சொல்லின் கதை சின்னதுதான். ஒரே சீன எழுத்து. ‘ஷுவோ’ என்று படித்தால் சொல்லுதல், ‘ஷுவெய்’ என்றால் பேசி ஒருவரை இசையவைத்தல், பழைய நூல்களில் ‘யுவே’ என்றால் மகிழ்தல். ‘நான்’ என்பது கடினம்.

சரி, சொற்பொழிவு ஏன் ஆகாது? அது கூட்டத்துக்குப் பொழிவது. ஷுவெய் ஒரே ஓர் ஆளிடம், அதுவும் தலையை வாங்கக்கூடிய அரசனிடம் பேசுவது. சூ சின், சாங் யீ போன்ற பழஞ்சீன அரசியல் சாணக்கியர்கள் அரசவை அரசவையாக அலைந்து செய்த வேலை இது. ஹான் ஃபெய்யோ திக்குவாய் என்கிறார் சீன வரலாற்றாசிரியர் சிமா சியான். அவரையா சொற்பொழிவாளர் ஆக்குவது? கடினம் நாவன்மையில் இல்லை, கேட்பவன் மனத்தை அறிந்து அதற்குப் பொருந்தப் பேசுவதில்தான் என்கிறார் ஹான் ஃபெய். சோங் நாட்டுச் செல்வர் ஒருவர் வீட்டுச் சுவர் மழையில் இடிந்ததாம். கட்டாவிட்டால் திருடன் வருவான் என்று மகனும் சொன்னான், பக்கத்து வீட்டுக்காரரும் சொன்னார். அன்றிரவே திருட்டு. மகன் புத்திசாலி ஆனான். பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகம்! சொன்னது ஒன்றே. இதில் பொழிவு எங்கே இருக்கிறது?

இன்னொரு கூட்டம் ‘வற்புறுத்தல்’ என்கிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடும் பழக்கம். அரசனை வற்புறுத்தினால் என்ன ஆகும்? கடன்காரனையும் பிள்ளையையும் வேண்டுமானால் வற்புறுத்தலாம். இந்தச் சிரமத்தை இவ்வளவு அறிந்திருந்த ஹான் ஃபெய்யே கி.மு. 233-இல் சின் நாட்டுச் சிறையில் நஞ்சுண்டு இறந்தார். அவ்வளவு ஆபத்தான வேலை.

என்னைக் கேட்டால் ‘வேட்ப மொழிதல்’. குறள் 643-இல் ‘கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்’ என்று தயாராகவே இருக்கிறது. கேட்பவர் விரும்பும்படி என்பதால் ‘யுவே’யின் மகிழ்ச்சியும் ஒட்டிக்கொள்ளும். பண்டிதத் தமிழ் என்பவர்கள் ‘இசையப் பேசுதல்’ என்று எழுதட்டும், சண்டையில்லை.

அப்புறம், ஊர் ஊராகப் போய் ஷுவெய் செய்வதற்குச் சீனத்தில் ‘யோஷுவெய்’ என்று பெயர். அது ஜப்பானில் ‘யூசெய்’ ஆகி, இன்று தேர்தல் பிரசாரப் பயணத்தைக் குறிக்கிறது. அங்கே கூட்டமும் உண்டு, மைக்கும் உண்டு. சொற்பொழிவை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.