மண் பிடித்துவைக்கும் உலோகமும் விட்டுவிடும் உலோகமும்

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஷிப்பம் என்றொரு சிற்றூர் உண்டு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கு துத்தநாகத் தாது தோண்டப்பட்டதன் எச்சமாக, அவ்வூரின் தோட்ட மண்ணில் பல இடங்களில் கிலோவுக்கு நூறு மில்லிகிராமுக்கும் மேற்பட்ட காட்மியம் என்னும் நச்சு உலோகம் இருக்கிறது. ஜப்பானின் தொயாமா மாநிலத்தில், கமியோகா சுரங்கத்தின் கழிவு கலந்த ஜின்சு ஆற்றுநீர் பாய்ந்த நெல்வயல்களில் இருந்ததோ கிலோவுக்குச் சில மில்லிகிராம் மட்டுமே. ஆனாலும் எலும்புகள் நலிந்து முறியும் 'இத்தாய்-இத்தாய்' நோய் ஜின்சு கரையில்தான் தோன்றியது. அதற்குக் காட்மியமே காரணம் என்று 1968இல் ஜப்பானிய அரசு ஏற்றுக்கொண்டது. ஷிப்பத்தில் அந்த நோய் காணப்படவில்லை. மூன்று வேளையும் அரிசியையே உண்டவர்களையும் தோட்டத்துக் காய்கறிகளைத் துணையுணவாக மட்டும் உண்டவர்களையும் அப்படியே ஒப்பிட்டுவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் இந்த வேறுபாட்டில் மண்ணுக்கும் பெரும் பங்கு உண்டு.

வேர்கள் மண்ணில் உள்ள உலோகம் முழுவதையும் உறிஞ்சுவதில்லை. மண்துகள்களுக்கு இடையிலுள்ள நீரில் கரைந்திருப்பதையே உறிஞ்சுகின்றன. நிலத்தடி நீருக்கு இறங்குவதும் பெரும்பாலும் அந்தக் கரைந்த பகுதிதான். பெரும்பாலான மண்களில் அது மொத்த அளவில் மிகச் சிறிய பங்காகவே இருக்கும். மீதி துகள்களோடு ஒட்டிக்கிடக்கும். 'இந்த மண்ணில் இவ்வளவு காட்மியம்' என்று ஒற்றை எண்ணோடு முடிந்துவிடும் அறிக்கை பாதி விவரத்தைத்தான் தருகிறது என்று நான் கருதுவது இதனால்தான்.

ஒட்டவைக்கும் வேலையைக் களிமண் கனிமங்கள், மட்கு (மக்கிய தாவர, உயிரினப் பொருள்), இரும்பு மற்றும் மாங்கனீசு ஆக்சைடுகள் ஆகியவை செய்கின்றன. களிமண் துகள்களின் பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால், நேர்மின்னேற்றம் கொண்ட காட்மியம், ஈயம், துத்தநாகம் போன்றவை அங்கு ஈர்க்கப்படுகின்றன. ஆனால் களிமண் என்ற ஒரே பெயருக்குள் பெரிய வேறுபாடுகள் உண்டு. மாண்ட்மோரில்லோனைட் வகையில் ஒரு கிராமின் மொத்தப் பரப்பு பல நூறு சதுர மீட்டர் வரும். கயோலினைட் வகையில் அது பெரும்பாலும் சில பத்து சதுர மீட்டரைத் தாண்டாது. மின்னீர்ப்பால் மட்டும் நிற்கும் உலோகம் தளர்வாகவே நிற்கிறது. கால்சியம் மிகுந்த உப்புநீர் வந்தால் இடம் பெயர்ந்துவிடும். உவர் மண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு: குளோரைடு காட்மியத்தோடு இணைந்து அதன் மின்னேற்றத்தைக் குறைத்துவிடுவதால், காட்மியம் துகளில் ஒட்டாமல் நீரோடு எளிதில் நகர்கிறது. இதற்கு மாறாக, ஆக்சைடுகளிலும் மட்கிலும் வேதிப்பிணைப்பால் கட்டுண்ட உலோகத்தை அசைப்பது கடினம். செம்பும் ஈயமும் மட்கோடு இவ்வாறுதான் இறுகப் பிணைகின்றன. ஆனால் மட்கிலேயே நீரில் கரையும் பகுதி ஒன்று இருப்பதால், அது செம்பைச் சுமந்து செல்லவும் கூடும்.

இவை அனைத்தையும் ஆள்வது மண்ணின் அமில-கார நிலையைக் காட்டும் பி.எச் மதிப்பு. அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். அது ஓர் அலகு குறைந்தால் நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு கூடுகிறது. அவை ஆக்சைடு, மட்கு ஆகியவற்றின் பரப்பிலுள்ள பிணைப்பிடங்களைப் பற்றிக்கொள்ள, உலோக அயனிகள் நீருக்குள் தள்ளப்படுகின்றன. காட்மியமும் துத்தநாகமும் மிதமான அமிலத்தன்மையிலேயே இளகத் தொடங்கும். ஈயம் இளக இன்னும் கடுமையான அமிலத்தன்மை வேண்டும். ஷிப்பம் மண் சுண்ணாம்பு மிகுந்தது, ஜின்சு வயல்களோ அமிலத்தன்மை கொண்டவை.

அப்படியானால் எங்கும் சுண்ணாம்பு இட்டு பி.எச்சை உயர்த்திவிடலாமே என்று தோன்றும். அந்த எண்ணத்துக்குத் தடையாக நிற்பது ஆர்சனிக். கண்டிப்பாகச் சொன்னால் அது முழு உலோகமல்ல. மண்நீரில் பெரும்பாலும், ஆக்சிஜனோடு இணைந்து எதிர்மின்னேற்றம் கொண்ட ஆர்சனேட்டாக உலவுகிறது. பி.எச் ஏறும்போது ஆக்சைடுகளின் பரப்பில் எதிர்மின்னேற்றம் கூடுவதால், காட்மியம் இறுகும் அதே வேளையில் ஆர்சனிக் விடுபடுகிறது.

இந்த முரண் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் நெல்வயல். வயலில் நீர் தேக்கியதும், மண்ணுக்குள் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடுகின்றன. அதன்பின் அவை நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சுவாசத்துக்குப் பயன்படுத்துகின்றன. துருநிற இரும்பு ஆக்சைடு கரையக் கரைய மண் சாம்பல்நீலமாக மாறுகிறது. ஆக்சைடின் மேல் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் நீருக்கு வந்து, மேலும் எளிதில் நகரும் ஆர்சனைட்டாக மாறி, சிலிக்கான் நுழையும் வழியாகவே நெல்வேருக்குள் புகுகிறது. பயிரிடம் ஓரளவு தற்காப்பும் இருக்கிறது: வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் அருகிலுள்ள இரும்பை மீண்டும் துருவாக்கி, வேரின் மேல் செம்பழுப்புப் படலமாகப் படியச்செய்கிறது, அது ஆர்சனிக்கின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். இதற்கிடையில் சல்பேட் சல்பைடாக மாற, காட்மியம் அதனோடு சேர்ந்து கரையாத காட்மியம் சல்பைடாக அடங்கிவிடுகிறது. கதிர் முற்றும் காலத்தில் நீரை வடித்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிறது: காற்றுப்பட்ட சல்பைடு ஆக்சிஜனேற்றமடைந்து மண்ணை அமிலமாக்க, காட்மியம் விடுபட்டு, மணி பால்பிடிக்கும் நேரத்தில் பயிருக்குள் ஏறுகிறது. இரண்டு நஞ்சும் உள்ள வயலில் எப்போது நீர் தேக்குவது, எப்போது வடிப்பது என்பதை மிகக் கவனமாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

குரோமியத்துக்கு வேறொரு வழி. நச்சு மிகுந்த ஆறு இணைதிற வடிவம் நீரோடு எளிதில் நகரும். மட்கு அதை அசையாத மூன்று இணைதிற வடிவமாக ஒடுக்கிவிடும். மாங்கனீசு ஆக்சைடுகளோ அதில் ஒரு பகுதியை மீண்டும் பழைய வடிவத்துக்கே கொண்டுபோகக்கூடும்.

ஆகவே சீரமைப்பு முறைகளை ஓர் உலோகத்தை மட்டும் நினைத்துத் தேர்ந்தெடுக்க முடிவதில்லை. பாஸ்பேட் இட்டால் ஈயம், பைரோமார்ஃபைட் என்னும் மிகக் குறைவாகக் கரையும் கனிமமாக மாறும். ஆனால் முன்பு லெட் ஆர்சனேட் பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்ட பழைய பழத்தோட்டங்களில் ஈயத்தோடு ஆர்சனிக்கும் தங்கியிருக்கிறது. அங்கு இடப்படும் பாஸ்பேட், வேதியியலில் தன்னை ஒத்த ஆர்சனேட்டைப் பிணைப்பிடங்களிலிருந்து வெளியேற்றிவிடும். இத்தகைய நிலத்தில் எதையும் இடுமுன், வலுவான அமிலத்தில் கரைத்து மொத்த அளவைக் காணும் சோதனையோடு, நீர்த்த கால்சியம் குளோரைடு போன்ற மென்மையான உப்புக் கரைசலில் எவ்வளவு உலோகம் பிரிந்து வருகிறது என்பதையும் ஈயத்துக்குத் தனியாக, ஆர்சனிக்குக்குத் தனியாக அளக்க வேண்டும்.