தோவ்: படைப்பின் நலம்

‘தோவ்’ பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்தின் சொல். நல்ல, இனிய, அழகான, தனக்குரிய பணிக்குப் பொருந்திய என்றெல்லாம் பொருள் விரியும். அரபியில் ‘தய்யிப்’ இதன் உறவுச்சொல். யூதர்களின் ‘மசல் தோவ்’ வாழ்த்திலும், ‘யாவே (எபிரேயத்தில் தேவனின் பெயர்) நல்லவர்’ என்று பொருள்படும் தொபியா என்ற பெயரிலும் இருப்பது இதுவே.

உலகம் படைக்கப்பட்டதைச் சொல்லும், பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் இது 7 முறை வருகிறது. ஆறு முறை ‘நல்லது’ என்று தேவன் காண்கிறார். ஏழாம் முறை ‘தோவ் மெயோத்’: ‘மிகவும் நன்றாயிருந்தது.’

இச்சொல் வராத இடங்களையும் கவனித்து வாசிக்க வேண்டும். வெளிச்சம் தோவ், இருளுக்கு அந்தச் சொல் தரப்படவில்லை. அதற்கு ‘இரவு’ என்று ஒரு பெயரும் ஓர் எல்லையும் தரப்படுகின்றன. இரண்டாம் நாளைப் பற்றி எபிரேய மூலத்தில் ‘தோவ்’ கிடையாது. கிரேக்க மொழிபெயர்ப்புதான் அங்கும் சேர்த்துக்கொண்டது. ஆக இந்த அதிகாரம் இருளைக் காணாதவர்களின் பாட்டு அல்ல. ‘ஆழத்தின்மேல் இருள் இருந்தது’ என்று இரண்டாம் வசனமே சொல்லிவிடுகிறது.

ஐந்தாம் நாளில் ‘மகா மச்சங்கள்’ படைக்கப்படுகின்றன. மூலத்தில் அவை ‘தன்னீன்’கள். 74ஆம் சங்கீதத்தில் தேவன் தலையை உடைக்கும் வலுசர்ப்பங்களுக்கும் அதே பெயர்தான். கடலோடிகள் அஞ்சிய அந்த உயிர்களும் ‘தோவ்’. மனிதன் அதுவரை படைக்கப்படவே இல்லை. யாருக்குப் பயன் என்று கேட்க ஆளில்லாத நேரத்தில் சொல்லப்பட்ட சொல் இது.

திருச்சபை இந்தச் சொல்லுக்காகப் போராடியிருக்கிறது. இவ்வுலகைப் படைத்தவர் வேறொரு தாழ்ந்த கடவுள் என்று போதித்த மார்சியோனை ரோமைச் சபை 144இல் விலக்கியது. ஒளியும் இருளும் தொடக்கம் முதலே எதிரெதிரான இரு ஆற்றல்கள், பருப்பொருள் இருளின் பக்கம் என்றார்கள் மானி என்ற பாரசீகப் போதகரின் வழிவந்தவர்கள். அவர்களிடம் ஏறத்தாழ 9 ஆண்டுகள் இருந்து வெளியே வந்தவர் இறையியலாளர் அகுஸ்தீன் (354–430). தீமை ஒரு பொருள் அல்ல, இருக்க வேண்டிய நல்லது குறைந்துபோன நிலை என்று அவர் எழுதினார். நோயையும் புண்ணையும் சான்று காட்டினார்: உடல் குணமாகும்போது அவை வேறோர் இடத்துக்குப் போவதில்லை, இல்லாமலே போகின்றன. துன்பம் பொய் என்பதல்ல அவர் வாதம். புண் வலிக்கும், ஆனால் புண் இருக்கவும் ஓர் உடல் வேண்டும், அந்த உடல் நல்லது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘நல்ல’ என்ற பெயரடை வழக்குக்குக் குறையில்லை. பண்புப்பெயராக்கும்போதுதான் சிக்கல். ‘படைப்பின் நன்மை’ என்று எழுதினால் படைப்பால் நமக்குக் கிடைக்கும் பயன் என்று காதில் விழுகிறது. போதாததற்கு, கத்தோலிக்கரிடையே ‘நன்மை வாங்குதல்’ என்றால் நற்கருணை (பூசையில் தரப்படும் அப்பம்) பெறுதல் என்றும் பொருள். ‘நற்குணம்’ மனிதருக்குப் பொருந்தும், கடலுக்கும் மரத்துக்கும் பொருந்தாது.

நான் பரிந்துரைப்பது ‘நலம்’. சங்கப் பாடல்களில் நலம் என்றால் அழகும் கூட. கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் தோவுக்குத் தேர்ந்த ‘கலோன்’ என்ற சொல்லும் அழகையும் நல்லதையும் ஒருசேரக் குறிப்பதே. இன்றைய பேச்சில் நலம் முழுமையான உடல்நிலை. அகுஸ்தீன் பல பக்கங்களில் நிறுவியதை நாம் மருத்துவச் சீட்டில் ஒரே சொல்லாக எழுதுகிறோம்: நலக்குறைவு. குறைவதற்கு முன்னால் நலம் இருந்தாக வேண்டும்.

‘நன்மை’ பொருந்தும் இடமும் உண்டு. தன்னை விற்ற சகோதரர்களிடம் யோசேப்பு, ‘நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்’ என்கிறான் (ஆதியாகமம் 50:20). அங்கே மூலத்தில் நிற்பது தோவின் பெண்பால் வடிவமான ‘தோவா’. நடந்த செயலின் விளைவைப் பற்றிய பேச்சு அது; பஞ்சத்தில் பலர் உயிர் பிழைத்தார்கள். ஆகவே அங்கே ‘நன்மை’யை மாற்ற வேண்டியதில்லை.