இதை யார் வாசிப்பார், தம்பி?

2005 தை மாதம், சுனாமி அடித்துச் சில வாரங்கள். கல்முனைக்குத் தெற்கே ஒரு பாடசாலையில் இயங்கிய முகாமில், சோறு சமைக்கும் கிடாரத்தில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு, அதைச் சுற்றித் தாய்மார் பன்னிரண்டு பேரை உட்காரவைத்திருந்தேன். ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்திருந்தேன். கடல் கொண்டுபோன பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், எழுதியதைக் கப்பலாக மடித்துத் தண்ணீரில் விட வேண்டும். மூன்று நாள் பயிற்சியில் வெளிநாட்டுப் பயிற்றுநர் ஒருவர் கற்றுத்தந்த முறை அது. கடற்கரைக்கு வர எவரும் உடன்படாததால் கடலுக்குப் பதிலாகக் கிடாரம்.

ஒன்பது வயது மகனைப் பறிகொடுத்த ஒருவர் தாளைத் தொடவே இல்லை. எழுத வராதோ என்று எண்ணி, “நான் எழுதித் தரட்டுமா, ராத்தா?” என்று கேட்டேன்.

“எனக்கு எழுத வரும். இதை யார் வாசிப்பார், தம்பி?” என்றார். பிறகு, என் மனம் நோகக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: “நான் துஆக் கேட்டால் அது அவனிடம் போய்ச் சேரும். இந்தக் கப்பல் கிடாரத்துக்குள்ளேதானே சுற்றிக்கொண்டு கிடக்கும்?”

உளவளத்துணையாளனாக எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான பாடம் அதுதான். சான்றிதழ் தந்த பயிற்சிகளை எல்லாம் இன்று மறந்துவிட்டேன். அந்தக் கிடாரம் மறக்கவில்லை.

அந்தப் பயிற்சிக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. இறந்தவர் இனி எங்கேயும் இல்லை, இருப்பவரின் மனதுக்குள் மட்டுமே இருக்கிறார், ஆகவே சொல்லாமல் விட்டதைச் சொல்லி முடித்து விடைகொடுக்க வேண்டும் என்பது அந்த நம்பிக்கை. அது ஒரு நம்பிக்கைதான், விஞ்ஞானம் அல்ல. அந்தத் தாய்க்கோ மகன் இருக்கும் இடம் தெரியும். பருவம் எய்தாமல் இறந்த பிள்ளை சுவர்க்கத்தில் பெற்றோருக்காகக் காத்திருக்கும். நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத், அதாவது உயிர்த்தியாகி. இரண்டையும் அவர் சந்தேகமின்றி நம்பினார். அவரை இரவில் தூங்கவிடாதது வேறு விடயம். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றாமல், எந்தக் குழியில் யாரோடு போட்டார்கள் என்றே தெரியாமல், தொழுகை நடந்ததா இல்லையா என்றும் தெரியாமல் பிள்ளை போய்விட்டானே என்ற வேதனை அது. இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான். அந்த நாட்களில் அடையாளம் காணப் பொழுதில்லாமல் புதைக்கப்பட்டவர்கள் ஏராளம்.

ஷாபிஈ மத்ஹப் என்னும் மார்க்கச் சட்டப் பிரிவில் காயிப் ஜனாஸா தொழுகைக்கு இடமுண்டு. உடல் இல்லாமலே, தூரத்தில் இருப்பவருக்காகத் தொழுவது. அவருடைய சகோதரர் பள்ளிவாசலில் பேசி அதை ஏற்பாடு செய்தார். பிறகு மகனின் பெயரால் ஒரு குழாய்க்கிணறு போட்டார்கள். அதில் யார் தண்ணீர் குடித்தாலும் அந்த நன்மை அவனைச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. நானும் குடித்தேன். கொஞ்சம் உப்புக் கரித்தது.

இனி நான் சொல்லும் கதைகளில் ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். சிலரை ஒருவராகவும் ஆக்கியிருக்கிறேன்.

மட்டக்களப்பில் ஒரே தெருவில் நாலு விதமான மறுமை குடியிருக்கிறது. சைவர்களுக்கு வினையும் மறுபிறப்பும் பிதிர் உலகமும், முஸ்லிம்களுக்குக் கபுறு என்னும் மண்ணறையும், எழுப்பப்படும்வரை காத்திருக்கும் பர்ஸக்கும், மறுமை நாளும், கத்தோலிக்கருக்குப் பாவக்கறை தீரும் உத்தரிக்கிற ஸ்தலம். அந்த ஸ்தலத்தை ஏற்காத மெதடிஸ்தர் அடுத்த வளவில் இருப்பார். அம்பாறைப் பக்கம் போனால், ஏழாம் நாளும் மூன்றாம் மாதமும் பிக்குமாருக்குத் தானம் கொடுத்து, கிண்ணத்தில் நீர் வார்த்துப் புண்ணியத்தை இறந்தவருக்கு அனுப்பும் பௌத்தர்கள். ஒவ்வொரு மதத்துக்குள்ளும் பிரிவுகள் வேறு. இறந்தவருக்காக நாற்பதாம் நாள் குர்ஆன் ஓதிக் கத்தம் கொடுக்கும் வீடும் அது கூடாது என்னும் வீடும் ஒரே வாப்பாவின் பிள்ளைகளுடையவையாக இருக்கும். எங்கள் சைவர்களிலும் பல ஊர்களில் அடக்கம்தான் வழக்கம். யாழ்ப்பாணத்து உறவினர் செத்த வீட்டுக்கு வந்தால், “எரிப்பதில்லையா?” என்று ஒருமுறையாவது கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

இவற்றில் எது உண்மை என்று தீர்ப்பது என் வேலை அல்ல. இருபது வருடத்தில் நான் கண்டது வேறொன்று: இறந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய முடியாமல் போன வீட்டில்தான் துக்கம் இறுகிக் கல்லாகிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு குடும்பம். 1990இல் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்போது மகனுக்கு மூன்று வயது. இப்போது அந்த மகனுக்கே இரண்டு பிள்ளைகள். தலைவலி, நெஞ்சுப் படபடப்பு என்று வருவார். ஆடி மாதம் நெருங்கினால் அது கூடும் என்பதை நான் மூன்றாவது வருடம்தான் கவனித்தேன். ஆடி அமாவாசை அன்று தந்தையை இழந்தவர்கள் மாமாங்கக் கோயிலுக்குப் போவார்கள், திருக்கோவில் கடலுக்குப் போவார்கள், நீராடிப் பிதிர்க்கடன் செய்வார்கள். ஊரே பஸ் ஏறும். இவர் மட்டும் வீட்டில் இருப்பார். போனால் தகப்பன் செத்துவிட்டார் என்று அவரே சொன்னதாகிவிடும். தாய் இன்றும் குங்குமம் வைக்கிறார். போகாவிட்டாலோ, அப்பா உண்மையிலேயே இறந்திருந்தால் முப்பது வருடமாகப் பசியோடு நிற்பார்.

இதைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று துறைசார்ந்தவர்கள் சொல்வார்கள். பெயர் வைத்தால் பாரம் குறைந்துவிடாது. உடல் கிடைக்காதபோது தர்ப்பையால் உருவம் செய்து கடன் முடிக்கும் முறை சாத்திரத்தில் உண்டு என்று ஒரு குருக்கள் எடுத்துச்சொன்னார். தாய் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. சட்டத்திலும் ஒரு வழி உண்டு. 2016இல் மரணப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பம், ‘காணாமற்போனவர்’ என்று குறிக்கும் சான்றிதழைப் பெறலாம். காணி, வங்கிக் கணக்கு போன்ற அலுவல்களுக்கு அது பயன்படும், ‘இறந்தார்’ என்று எங்கும் ஒப்பமிட வேண்டியதில்லை. பல குடும்பங்களுக்கு இது இன்னும் தெரியாது என்பதால் எழுதுகிறேன். ஆனால் அமாவாசைக்கு எந்தச் சான்றிதழ் உதவும்?

மகனே ஒரு வழி கண்டுபிடித்தார். தகப்பன் பிறந்த நட்சத்திரத்தில் ஊர்க் கோயிலில் அன்னதானம் கொடுக்கிறார். அர்ச்சனை தகப்பன் பெயரில். இருந்தால் ஆயுளுக்கு, இல்லாவிட்டால் ஆத்மாவுக்கு. தாயும் வந்து இலை போடுகிறார். தலைவலி முழுதாகப் போகவில்லை. ஆடியில் விடுப்பு எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

கொவிட் காலத்துக்கு வருகிறேன். 2020 ஏப்ரலில் வர்த்தமானி மூலம் கொவிட்டால் இறந்தவர்களுக்குத் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் பத்து மாதத்துக்கு மேல் அந்த விதி மாறவில்லை. 2021 பெப்ரவரி கடைசியில் மாறியது. மார்ச் 5ஆம் திகதி எங்கள் மாவட்டத்தின் ஓட்டமாவடியில், மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் உடல்கள் அங்கே வந்தன. 3000க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள், முஸ்லிம்கள் மட்டுமல்லர். 2024 ஜூலையில் கட்டாயத் தகனத்துக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

அந்தப் பத்து மாதத்துக்குள் வாப்பாவை இழந்த வியாபாரி ஒருவர் என்னிடம் வந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்குச் சமம் என்பது சிறுவயது முதல் அவர் கேட்டு வளர்ந்த வாக்கு. அப்படியானால் நெருப்பு? நான் படித்த முட்டாளாக, “உயிர் போன உடலுக்கு வலி தெரியாது” என்றேன். சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் வரவில்லை.

பிறகு அவரைத் தேறவைத்தவர் ஒரு வயதான மௌலவி. நபிமொழியில் வரும் ஒரு கதையை நினைவூட்டினார். தான் செய்த பாவத்துக்கு அஞ்சிய ஒருவன், தன் உடலை எரித்துச் சாம்பலைக் காற்றில் தூவிவிடும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு இறந்தான். இறைவன் அந்தச் சாம்பலை ஒன்றுசேர்த்து அவனை எழுப்பி, மன்னித்தான். “தானாகக் கேட்டவனுக்கே அப்படியென்றால், பலவந்தமாகச் செய்யப்பட்ட உங்கள் வாப்பாவுக்கு என்ன குறை?” வியாபாரி இதை என்னிடம் சொல்லும்போது அழுதார். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன், வேறென்ன செய்ய?

அன்றிலிருந்து என் கைபேசியில் குருக்கள் இருவர், மௌலவி இருவர், பாதிரியார் ஒருவர், பாஸ்டர் ஒருவரின் இலக்கங்கள் இருக்கின்றன. யாரையும் கண்மூடி அனுப்புவதில்லை. துக்கத்தில் இருப்பவரை வெருட்டும் ஆட்கள் எல்லா மதத்திலும் உண்டு.

அந்த வெருட்டலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட இளைஞனின் செத்த வீட்டில், தாயின் காதில் விழும்படி ஒருவர் சொல்கிறார்: “விதித்த ஆயுள் முடியும்வரை அலையத்தான் வேண்டும்.” சொன்னவர் அடுத்த செத்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்தத் தாய் இரண்டு வருடமாகப் பின்வளவில் இரவு முழுவதும் விளக்கு வைக்கிறார், மகன் இருட்டில் தடுமாறக்கூடாது என்று.

மதங்களே இந்த விடயத்தில் பக்கத்து வீட்டுக்காரரை விட இரக்கமானவை. கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய சட்டம் இப்படி இறந்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இல்லை. அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக்கூடாது என்று மறைக்கல்வி நூலே சொல்கிறது. இஸ்லாம் இச்செயலைத் தடுத்திருந்தாலும், இறந்தவருக்கு ஜனாஸா தொழ வேண்டும் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இலங்கைச் சட்டத்தில்கூட, உயிரை மாய்க்க முயல்வது 1998க்குப் பிறகு குற்றமல்ல. ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தை எங்கே போகும் என்று ஒரு கத்தோலிக்கத் தாய் என்னைக் கேட்டபோதும் பாதிரியாரிடமே போனேன். அப்படிப்பட்ட குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப இடமுண்டு என்று வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு 2007இல் வெளியிட்டதை அவர் எடுத்துக்காட்டினார். இப்படிப்பட்ட குழந்தைகள் இருளான ஓர் இடத்தில் கிடப்பார்கள் என்று அந்தப் பெண்ணின் பாட்டி சொல்லிவைத்திருந்தது ஒருபோதும் கட்டாயக் கோட்பாடாக இருந்ததில்லையாம்.

விளக்கு வைத்த தாயிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: “உங்கள் மனதுக்கு அவர் எங்கே இருப்பதாகத் தெரிகிறது, அம்மா?” நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என் மடியில்தான் கிடக்கிறான். சனங்கள்தான் அலைகிறான் என்கிறார்கள்” என்றார். அவர் நம்பியதும் அவர்மேல் சுமத்தப்பட்டதும் வேறு வேறு என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. விளக்கை இப்போது சாமி அறையில் வைக்கிறார்.

இறந்தவரின் குரல் கேட்கிறது, செருப்புச் சத்தம் கேட்கிறது என்று சொல்பவரைக் கண்டு பயப்பட வேண்டாம். வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற வைத்தியர் துணையை இழந்த 293 பேரை விசாரித்து 1971இல் எழுதினார். ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்த துணையின் இருப்பை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள், பலர் அதை வெளியே சொன்னதே இல்லை. எங்கள் ஊரில் சொல்வார்கள், கோயிலில் வாக்கும் கேட்பார்கள். கேட்கட்டும். மந்திரிக்கும் கட்டாடியாரிடம் போகும்போது வைத்தியர் தந்த குளிசையை நிறுத்தாமல் இருந்தால் எனக்குப் போதும்.

கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஆறு மாதத்துக்கு மேலும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் பெரியவர்களுக்கு 12 மாதத்துக்கு மேலும் தணியாமல் அன்றாட வாழ்வை முடக்கும் துயரத்தை ஒரு கோளாறாகக் கொள்கின்றன. அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் சமயத்தையும் மிஞ்சியதா என்று பார்த்தே முடிவுசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கே உண்டு. எட்டாம் நாள், 31ஆம் நாள் அமுது, ஆண்டு முடிவு என்று எங்கள் ஆட்கள் நாள் குறித்துவைத்தது அந்தப் புத்தகங்களுக்கு மிக முன்னரே. ஆனால் சாப்பாடும் தூக்கமும் அற்றுப்போனால், “நானும் அவரிடமே போகிறேன்” என்ற பேச்சு வந்தால், மாதக்கணக்கு எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அருகிலுள்ள வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அன்றே கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இரவிலும் இயங்கும்.

கடைசியாக, சாவதற்கு முன்பே சண்டை தொடங்கிய ஒரு வீடு. மூத்த மகன் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டார். வாய்க்கரிசி போடமாட்டேன், கொள்ளிக்குடம் தூக்கமாட்டேன் என்கிறார். இளையவர், அம்மா நற்கதி அடையாமல் போனால் அண்ணன்தான் பொறுப்பு என்கிறார். இருவரும் என் மேசைக்கு இரு பக்கமும் இருந்து உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய தாய் வெளியே வாங்கில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. உள்ளே அழைத்துக் கேட்டேன்.

“இளையவன் கடமையைச் செய்யட்டும், மூத்தவன் ஜெபம் பண்ணட்டும். எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதால் நான் போய்க்கொள்கிறேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “பறைமேளம் மட்டும் வேண்டாம் மகன், எனக்குத் தலையிடிக்கும்” என்றார்.

அதை ஒரு தாளில் எழுதி, மூவரையும் ஒப்பமிடவைத்து, ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். ஐந்து வருடமாகிறது. அம்மா இன்னும் மாதா மாதம் பிரஷர் மருந்துக்குக் கிளினிக் வருகிறார்.