சான்றிதழ் நிலுவை என்றால் பணம் சுருட்டப்பட்டது என்று அர்த்தமில்லை

போன வாரம் எங்கள் குடியிருப்போர் சங்கத்துத் தம்பி ஒருவர் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த படம். சிவப்பு எழுத்தில் 'நம் மாவட்டத்தில் 14 கோடி சுருட்டல், சிஏஜி அறிக்கை அம்பலம்' என்று போட்டிருந்தது. சிஏஜி என்றால் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் இந்தியக் கட்டுப்பாட்டாளர் மற்றும் தணிக்கைத் தலைவர். "சார், நீங்க தணிக்கையிலதானே இருந்தீங்க? இவ்வளவு பணத்தை அடிக்கிற வரைக்கும் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். அவர் கோபத்தில் தப்பில்லை.

அறிக்கையைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அங்கே இருந்தது இவ்வளவுதான்: இன்ன திட்டத்துக்கு விடுவித்த தொகைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் நிலுவையில் உள்ளது. சுருட்டல் என்ற சொல்லோ முறைகேடு என்ற சொல்லோ அந்தப் பத்தியில் இல்லை. இந்த ஆண்டில் மட்டும் என்னிடம் இப்படி வந்த படங்களில் இது ஐந்தாவதோ ஆறாவதோ. இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

அரசுப் பணம் நான்கு கட்டங்களைத் தாண்டித்தான் உங்கள் தெருவுக்கு வருகிறது. முதலில் ஒதுக்கீடு. அமைச்சர் பேரவையில் அறிவிக்கிறார், துறைக்கான பணத்துக்கு அவையிடம் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை நிறைவேறுகிறது. இந்தக் கட்டத்தில் ஒரு ரூபாய்கூடக் கஜானாவை விட்டு நகர்ந்திருக்காது. அடுத்தது விடுவிப்பு. அரசாணை வந்து, தொகை துறைக்கோ மாவட்டத்துக்கோ போகிறது. மூன்றாவது செலவு. பில் போட்டு, பணம் பட்டுவாடா ஆகிறது. நான்காவதுதான் வேலை. சாலை, தொட்டி, வகுப்பறை என்று கண்ணால் பார்க்கக்கூடியது. ஒதுக்கியது எல்லாம் விடுவிக்கப்படுவதில்லை, விடுவித்தது எல்லாம் செலவாவதில்லை. செலவு ஆன இடத்தில் எல்லாம் வேலை நடந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஒதுக்கிய செய்தியைப் படித்துவிட்டு 'பத்து கோடி வந்துச்சு, எங்கே போச்சு' என்று கேட்கிறார்கள். பல நேரம் அது வரவே இல்லை. மார்ச் 31 அன்று திருப்பி ஒப்படைக்கப்பட்டிருக்கும். அதுவும் தவறுதான், ஆனால் திருட்டு என்பது வேறு தவறு.

சரி, பயன்பாட்டுச் சான்றிதழ். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன்படி, மானியம் பெற்ற அமைப்பு, நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் 'கொடுத்த பணத்தைக் கொடுத்த நோக்கத்துக்கே செலவழித்தோம்' என்று எழுதித் தர வேண்டும். அது வராமல் போக நூறு காரணம் உண்டு. நிலம் தொடர்பான வழக்கில் வேலை நின்றிருக்கலாம். வேலை முடிந்து இறுதி பில் முடியாமல் கிடக்கலாம். அந்த இருக்கையில் எழுத்தரே இல்லாமல் இருக்கலாம். இதை நானே பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே பணம் தப்பான இடத்துக்குப் போயும் இருக்கலாம். எது என்று அந்தச் சான்றிதழ் இல்லாமல் உறுதி செய்ய முடியவில்லை என்றுதான் தணிக்கை எழுதுகிறது. 'உறுதி செய்ய முடியவில்லை' என்பதை 'திருடிவிட்டார்கள்' என்று படிக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இந்தத் தப்பான வாசிப்பு நிஜமாகத் தப்பு செய்தவருக்குத்தான் உதவுகிறது. 14 கோடி சுருட்டல் என்று ஊரே கத்தும். மூன்று மாதம் கழித்துத் துறை அந்தச் சான்றிதழை அனுப்பிவிட்டு 'குற்றச்சாட்டு பொய்' என்று அறிக்கை விடும். அது உண்மையாகவும் இருக்கும். ஊர் வாயை மூடிக்கொள்ளும். அதே அறிக்கையில் இரண்டு பக்கம் தள்ளி இருக்கும் உண்மையான பத்தியை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அந்த மாதிரி ஒரு பத்திக்கு நானே களத்துக்குப் போயிருக்கிறேன். ஒரு கிராமத்தில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. பதிவேட்டில் 'பணி முடிவுற்றது'. பயன்பாட்டுச் சான்றிதழ் குறித்த நாளில், ஒழுங்காகக் கையெழுத்தோடு இருந்தது. துறைப் பொறியாளரையும் கூட்டிக்கொண்டு கூட்டு ஆய்வுக்குப் போனோம். (தணிக்கையர் தனியாகப் போய்ப் பார்த்து எழுதினால் பின்னால் மறுப்பார்கள். அதனால் இரண்டு தரப்பும் சேர்ந்து போய், அங்கேயே கையெழுத்து வாங்கிவிடுவது வழக்கம்.) தொட்டி நன்றாகவே கட்டியிருந்தார்கள். ஆழ்துளைக் கிணற்றுக்கு மின் இணைப்பு மட்டும் கொடுக்கவில்லை. அதற்கான பணத்தை வைப்புப் பணி என்று, அதாவது வேலையைச் செய்து தர முன்கூட்டியே கட்டும் தொகையாக, இன்னொரு துறைக்கு மாற்றி, மாற்றிய அன்றே 'செலவு' என்று கணக்கில் எழுதிவிட்டார்கள். மூன்று வருடம் அந்தத் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. தொட்டிக்குக் கீழே இருந்த குழாயடியில் ஓர் அம்மா, "இது எங்களுக்கு நிழலுக்கு ஆகுதுங்க" என்று சொன்னார். நான் எழுதிய எந்தப் பத்தியைவிடவும் அந்தச் சொல்தான் எனக்கு நினைவில் நிற்கிறது. அங்கே யாரும் பணத்தை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. சான்றிதழும் நிலுவையில் இல்லை. வாட்ஸ்அப் படம் போட அதில் ஒன்றுமே இல்லை.

ஆகவே நீங்கள் தேட வேண்டிய சொற்கள் வேறு. 'பயன்பாட்டுக்கு வராத', 'பலனற்ற செலவு', 'தவிர்த்திருக்கக்கூடிய செலவு', 'தொகை வைப்புக் கணக்கில் முடக்கம்'. இவை வரும் இடத்தில் நிறுத்தி, மெதுவாகப் படியுங்கள். மார்ச் மாதச் செலவையும் பாருங்கள். ஆண்டுக் கடைசியில் அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்கை மீறுவது என்று அதே பொது நிதி விதிகள் சொல்கின்றன. மத்திய அமைச்சகங்களுக்குக் கடைசிக் காலாண்டில் 33 விழுக்காடு, மார்ச்சில் 15 விழுக்காடு என்று நிதி அமைச்சகம் உச்சவரம்பே வைத்தது. மார்ச் கடைசி வாரத்தில் எழுதிய பில் என்றால் எங்கள் ஆட்கள் இரண்டு முறை புரட்டிப் பார்ப்பார்கள்.

இழப்பு என்ற சொல்லிலும் இதே கவனம் வேண்டும். 2010-இல் வந்த 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய சிஏஜி அறிக்கையில் சொல்லப்பட்டது அனுமான இழப்பு, அதாவது வந்திருக்கக்கூடும் என்று கணக்கிட்ட வருவாய் வராமல் போனது. வெவ்வேறு அளவுகோல்களில் வெவ்வேறு தொகைகள் அதில் இருந்தன. மிகப் பெரியது மட்டும், 1.76 லட்சம் கோடி, ஊர் வாயில் நின்றுவிட்டது. 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017-இல் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. ஒதுக்கிய முறை சரியா என்பது ஒரு கேள்வி, யாராவது குற்றவாளியா என்பது இன்னொரு கேள்வி. தணிக்கை அறிக்கை இரண்டாவதற்குத் தீர்ப்பு சொல்வதில்லை. அந்த அதிகாரமும் அதற்கு இல்லை.

அப்புறம் அந்தத் தம்பியின் கேள்வி: ஏன் தடுக்கவில்லை? பெயரில் கட்டுப்பாட்டாளர் என்று இருந்தாலும், கஜானாவிலிருந்து பணம் வெளியேறுவதை நம் தணிக்கைத் தலைவர் தடுக்க முடியாது. செலவான பிறகுதான் அவர் வருகிறார். அரசமைப்பின் 151-ஆவது பிரிவின்படி அறிக்கை குடியரசுத் தலைவருக்கோ ஆளுநருக்கோ போய், அவர் வழியாக அவையில் வைக்கப்பட வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாளில் கட்டுக்கட்டாக வைக்கப்பட்டால், அன்று யார் படிப்பார்கள்? அரசமைப்பிலேயே மிக முக்கியமான அதிகாரி அநேகமாக இவர்தான் என்று 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னார். அந்த அதிகாரி எழுதியதை வாசிக்க நேரம் ஒதுக்காவிட்டால் அவர் எழுதி என்ன பயன்?

அவைக்கு உள்ள வாய்ப்புகள் சிறியவை அல்ல. மானியக் கோரிக்கையின்போது, கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம், துறையைத் துருவிக் கேட்கலாம். ஆனால் 2018-இல் மக்களவையில் அத்தனை அமைச்சகங்களின் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் ஒரே மூச்சில் நிறைவேறின. நான் அன்று அலுவலகத்தில் இருந்தேன். மனசு கனத்துப் போனது. செலவுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டால், செலவுக்குப் பின்னால் கேட்க இருப்பது, தணிக்கை அறிக்கைகளை எடுத்து விசாரிக்கும் பொதுக் கணக்குக் குழு மட்டும்தான். 1921 முதல் இருக்கும் குழு, நாடாளுமன்றத்தில் 22 உறுப்பினர்கள், அமைச்சர்கள் யாரும் அதில் இருக்கக் கூடாது, 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் தலைவர். நல்ல ஏற்பாடு. கட்சி பார்க்காமல் துறைச் செயலாளரை உட்கார வைத்துக் கேள்வி கேட்ட நாட்களை நான் அறிவேன். ஆனால் நூற்றுக்கணக்கான பத்திகளில் ஒரு சிலதைத்தான் அவர்களால் எடுத்து விசாரிக்க முடியும். மற்றவற்றுக்கு நான்கு மாதத்துக்குள் துறை எழுத்தில் பதில் தர வேண்டும் என்று இருக்கிறது. வருடக்கணக்கில் தராத துறைகளுக்கு நானே நினைவூட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். விசாரணை வரும்போது, அந்தத் தொட்டிக்குக் கையெழுத்துப் போட்டவர் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போயிருப்பார்.

அதனால்தான் சொல்கிறேன், வேலை நடக்கும்போதே பாருங்கள். அது உங்கள் கையில் இருக்கிறது. பெயர்ப்பலகை வைத்த அன்றே பணியின் பெயர், மதிப்பீடு, ஒப்பந்ததாரர், முடிக்க வேண்டிய நாள் எல்லாம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பலகையே இல்லை என்றால் அதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை 'எவ்வளவு செலவு' என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் வரும், முடிந்தது. பிரிவு 2(ஜே)-ஐ எடுத்துப் பாருங்கள். நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. இருபது வருடமாக இருக்கும் இந்த உரிமையை எத்தனை பேர் பயன்படுத்தினீர்கள்? கேட்க வேண்டியது: நிர்வாக அனுமதி ஆணை, தொழில்நுட்ப அனுமதி பெற்ற மதிப்பீடு, வேலை உத்தரவு, எம் புக் நகல். எம் புக் என்பது அளவுப் புத்தகம். களத்தில் அளந்ததை இளநிலைப் பொறியாளர் எழுத, மேலதிகாரி சரிபார்த்துக் கையெழுத்திடுவார். பில் அதை வைத்துத்தான். அதில் முதலில் தேதியைப் பாருங்கள். வேலை உத்தரவு வருவதற்கு முன்னாலேயே அளவு எழுதியிருந்தால் வேறு எதுவும் பார்க்க வேண்டாம், அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், கனம் இருக்கும். நீளத்தையும் அகலத்தையும் நீங்களே டேப் வைத்து அளக்கலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். பாதிப்பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

கிராமத்தில் இருந்தால் கிராம சபைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் நடக்கிறது. வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

பத்திரிகை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தணிக்கைப் பத்தியின் கடைசியில் அரசின் பதில் இருக்கும், அதற்குக் கீழே அந்தப் பதில் ஏற்கத்தக்கதா இல்லையா என்று தணிக்கை எழுதியிருக்கும். செய்தி பெரும்பாலும் அந்த இரண்டு வாக்கியத்தில்தான் இருக்கிறது. தொகையை மட்டும் தலைப்பில் போட்டுவிட்டு அதை விட்டுவிடாதீர்கள். எந்த ஆண்டின் கணக்கு என்பதையும் போடுங்கள். ஐந்து வருடம் முந்தைய செலவுக்கு நேற்று வந்து சேர்ந்த பொறியாளரை ஊரார் திட்டுகிறார்கள். அவரும் குடும்பத்தோடு அந்த ஊரில்தானே இருக்கிறார்.

தம்பி அந்தப் படத்தை அழித்துவிட்டார். எங்கள் தெரு வடிகால் வேலை இப்போது பாதியில் நிற்கிறது. அதன் எம் புக்குக்கு இரண்டு பேரும் சேர்ந்து திங்கட்கிழமை மனு போட்டிருக்கிறோம். ஆய்வுக்கு அனுமதி வந்ததும் ஒரு பக்கம் டேப்பைப் பிடிக்க ஆள் வேண்டும், தெருக்காரர்கள் வந்தால் நல்லது.