உத்தரவின் தேதியை எண்ணிப் பாருங்கள்

தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரின் வழக்கு சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தது. குற்றப்பத்திரிகையோடு, அவர் போனில் பேசியதையெல்லாம் எழுத்தாக்கி நானூறு பக்கத்துக்கு மேல் இணைத்திருந்தார்கள். சரக்கு, பாக்கி, பங்காளித் தகராறு, திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவின் மாத்திரைச் செலவு எல்லாமே அதில் இருந்தது. புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். "வக்கீலம்மா, எங்கம்மாட்ட பேசுனதையுமா கேட்டிருக்காங்க?" வழக்கைப் பற்றி அன்று அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி காலண்டரை எடுத்து வைத்து நாள் எண்ணினேன். உள்துறைச் செயலாளரின் ஒட்டுக்கேட்பு உத்தரவு மார்ச் 4. ஓர் உத்தரவு செல்லுபடியாகும் அறுபது நாள் மே 2-ல் முடிகிறது. நீட்டிப்பு உத்தரவில் இருந்த தேதி மே 9. நடுவில் ஆறு நாள் எந்த உத்தரவும் இல்லை, ஆனால் பதிவு நிற்கவில்லை. அரசுத் தரப்பு பெரிதாக நம்பியிருந்த பேச்சு மே 6 இரவு 9 மணிக்குப் பதிவானது.

இந்த அறுபது நாள் கணக்கு சும்மா வந்ததல்ல. 1885-ம் வருடத் தந்திச் சட்டத்தில் கால வரம்பே கிடையாது. பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம்தான் இரண்டு மாதம், நீட்டித்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது என்று கோடு போட்டது. 2007-ல் அது தந்தி விதிகளில் 419ஏ விதியாக, 60 நாள், அதிகபட்சம் 180 நாள் என்று எழுதப்பட்டது. 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 டிசம்பரில் வந்த புது விதிகளிலும் அதே கணக்குதான்.

கெடு தாண்டினால் என்ன ஆகும்? இங்கேதான் ஓட்டை. அவசரமாக, செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் கேட்க ஆரம்பித்து, 7 வேலை நாளுக்குள் அது உறுதிசெய்யப்படாவிட்டால், பதிவைச் சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 விதிகள் சொல்கின்றன. அறுபதாம் நாளைத் தாண்டிய பதிவுக்கு அப்படி வெளிப்படையாக ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. மீறினால் எந்த நஷ்டமும் இல்லாத கெடுவை யாரும் மதிக்க மாட்டார்கள், இது நான் கோர்ட்டில் தினமும் பார்ப்பது.

வரி இல்லாததால் நீதிமன்றங்களும் இரண்டு பக்கமாக நிற்கின்றன. முறைகேடாகக் கிடைத்த பதிவானாலும் வழக்குக்குப் பொருத்தமானால் ஏற்கலாம் என்கிறது மல்கானி வழக்கின் பழைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதுவும் இதே பம்பாயில் பிறந்த வழக்கு. பம்பாய் உயர் நீதிமன்றமோ 2019 அக்டோபரில் மூன்று ஒட்டுக்கேட்பு உத்தரவுகளை ரத்து செய்து, பதிவுகளையும் அழிக்கச் சொன்னது. திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்கு எதிரான மகாராஷ்டிராவின் மோக்கா சட்டம் தனிக் கதை: ஒரு தடவைக்கு 60 நாள் என்று இருக்கிறது, மொத்தம் எத்தனை நாள் என்ற உச்சவரம்பு இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. இந்த உத்தரவைப் போடுவது நீதிபதி அல்ல, அதிகாரி. அந்த உத்தரவு சரிதானா என்று பார்க்கும் மறுஆய்வுக் குழுவிலும் அதிகாரிகள்தான். கேட்டு முடித்த பிறகுகூட உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற விதி இல்லை. வழக்கு வராதவர்களுக்கு ஆயுசுக்கும் தெரியாது. 180 நாள் முடிந்த நம்பருக்கே மறுபடி புது உத்தரவு போட்டு முதலிலிருந்து எண்ணினால், அதைப் பார்க்கக்கூடிய வெளியாள் யார்?

அண்ணாச்சியின் வழக்கில் அந்த ஆறு நாளுக்கு உத்தரவு எங்கே என்று செஷன்ஸ் கோர்ட்டில் கேட்டேன். காட்ட முடியவில்லை. அந்தப் பேச்சுகளை நீதிபதி ஒதுக்கி வைத்தார். மற்றவற்றின் மேல் வழக்கு இன்னும் நடக்கிறது.

உங்கள் வீட்டில் யார் மீதாவது போன் பதிவை வைத்து வழக்கு வந்தால், பேச்சில் என்ன இருக்கிறது என்று பதறுவதற்கு முன் வக்கீலிடம் நான்கு காகிதம் கேளுங்கள்: முதல் உத்தரவு, ஒவ்வொரு நீட்டிப்பு, மறுஆய்வுக் குழுவின் முடிவு, ஒவ்வொரு பேச்சும் பதிவான தேதியும் நேரமும். மோக்கா வழக்கென்றால் விசாரணைக்குப் பத்து நாள் முன்பாவது உத்தரவின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கே மனுப் போடுங்கள், அடுத்த வாய்தா வரை காத்திருக்க வேண்டாம்.