டிஜிட்டல் பியானோ ஸ்பீக்கரைச் சுவர் பக்கம் திருப்புங்கள்

"ஹெட்ஃபோனில் அசல் பியானோ மாதிரியே இருக்கிறது. ஸ்பீக்கரில் கேட்டால் டப்பாவுக்குள் அடைத்தது போல ஆகிவிடுகிறது. வேறு பியானோ வாங்க வேண்டுமா?" பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வாங்க வேண்டாம். ஸ்பீக்கர் பார்க்கும் திசைதான் கோளாறு.

அசல் பியானோவில் சுத்தியல் அடிக்கிறது, தந்தி அதிர்கிறது. இது பள்ளிப் பாடம். (பின்னாளில் பெங்களூருக்கு வந்துசேர்ந்த சி.வி.ராமன் அந்தச் சுத்தியலடியின் கணக்கை 1920-இலேயே ஆராய்ந்து எழுதினார்.) ஆனால் மெல்லிய தந்தியால் காற்றை அதிகம் தள்ள முடியாது. வீணையில் நடப்பது போலவே, குதிரை (தந்தியைத் தாங்கும் மரத்துண்டு) அதிர்வை வாங்கிப் பலகைக்குக் கொடுக்கிறது. பியானோவின் ஒலிப்பலகை சுமார் 8 மில்லிமீட்டர் தடிமன்தான், பரப்போ ஒரு சதுர மீட்டரைத் தாண்டும். தாழ்ந்த ஸ்வரங்களில் பலகையின் பெரும்பகுதி ஒன்றாக அசையும். மேலே போகப் போக அது திட்டுத் திட்டாகப் பிரிந்துகொள்ளும். ஒரு திட்டு முன்னே வரும்போது பக்கத்துத் திட்டு பின்னே போகும். ஸ்வரத்துக்கு ஸ்வரம் இந்தக் கோலம் மாறுவதால், கூரைக்கும் சுவருக்கும் போகும் ஒலியின் பங்கும் மாறுகிறது. அறை முழுவதும் சேர்ந்து பாடுவது போலக் கேட்பது இதனால்தான். டிஜிட்டலில் உள்ளதோ முழங்காலைப் பார்க்கும் கையகல ஸ்பீக்கர்கள்.

லைன் அவுட்டில் (வெளி ஸ்பீக்கருக்கான துளையில்) இரண்டு 5 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர்களை இணைத்து, பியானோவுக்குப் பின்னால், சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, சுவரைப் பார்த்துச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். பியானோவின் சொந்த ஸ்பீக்கரும் மெதுவாக ஒலிக்கட்டும். முதலில் வந்து சேரும் ஒலியை வைத்தே காது இடத்தைக் கண்டுபிடிக்கும். சுவரில் பட்டுச் சில மில்லிசெகண்ட் பிந்தி வருவது அதற்கு அகலம் கொடுக்கும். ஹெட்ஃபோன் துளையிலிருந்து வயர் எடுத்தால் உள் ஸ்பீக்கர் அணைந்துவிடும், கவனம்.

ரிவெர்பை (பியானோ தானே சேர்க்கும் செயற்கை எதிரொலியை) முழுக்க அணையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் அறைக்குள் இன்னொரு அறை கேட்கும்.

அடுத்து வரும் தொல்லை தாழ்ந்த ஒலியின் வீக்கம். 11 அடி நீள அறையில் சுமார் 51 ஹெர்ட்ஸ் ஒலி சுவருக்குச் சுவர் தேங்கி நிற்கும். இடது கோடியிலிருந்து 12-ஆவது கட்டையை அழுத்தினால் மற்றவற்றை விட அதிகமாக 'கும்' என்கும். மானிட்டர்களை மூலையிலிருந்து ஓரிரு அடி நகர்த்தி, பேஸை 2, 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். வாசிக்காதபோதும் ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று இரைந்தால் பியானோ, மானிட்டர்கள் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள்.